பழைய கட்டடப் புனரமைப்பு: ஆர்க்கிடெக்டுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புனரமைப்புத் துறைக்கு வரும் ஆர்க்கிடெக்டுகளில் பலர் கல்லூரியில் சிமெண்டையும் கான்கிரீட்டையும் மட்டுமே படித்துவிட்டு வருகிறார்கள். பழைய சுவரில் அவர்கள் செய்யும் தவறுகளில் பாதி, புதுக் கட்டடத்தில் சரியாக இருந்த பழக்கங்கள்தான்.

சிமெண்டிலிருந்து தொடங்கலாம். செட்டிநாட்டு வீட்டின் செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புக் காரை அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். அடிச்சுவரில் உப்புப் பூத்திருக்கிறதே என்று நான்கடி உயரத்துக்குச் சிமெண்ட் பூசினால், ஈரம் போக வழியில்லாமல் பூச்சுக்கு மேலே ஏறி அங்கே உப்பைப் படிய வைக்கும். உப்பு படிகமாகும்போது செங்கல் பொரிந்து உதிரும். இரண்டு மழைக்காலம் கழிந்ததும் உப்புக்கோடு ஐந்தடிக்கு வந்திருக்கும். பூச்சின் உயரமும் கூட்டப்படும்.

“பலத்துக்கு ஒரு சட்டி சிமெண்ட்” என்று சுண்ணாம்புக் கலவையில் சேர்ப்பது இன்னும் மோசம். அந்தச் சிறிய அளவு சிமெண்ட் பலம் தருவதில்லை. சுண்ணாம்பு சரியாக இறுகுவதையும் கெடுக்கிறது. ஏற்கெனவே பூசிய சிமெண்டை எடுக்க வேண்டுமானால் உளியும் சுத்தியலும் போதும். டிரில் மெஷின் வைத்தால் பூச்சோடு செங்கல் முகமும் பெயர்ந்து வரும். எடுத்த கையோடு மறுபூச்சு வேண்டாம். சுவர் காய மாதக்கணக்கில் விட வேண்டும்.

அடுத்தது அவசரம். குடமுழுக்குக்குத் தேதி குறித்தபின் வேலையை ஒப்படைத்தால் சுண்ணாம்புக்கு நேரம் இருக்காது. சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டு நீற்ற வேண்டும், அதாவது வெந்து குழம்பாக விட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். நீறியதைச் சலித்துத் தொட்டியில், மேலே தண்ணீர் நிற்கும்படி புளிக்கவிட வேண்டும். கட்டுவேலைக்குச் சில வாரம், நயப்பூச்சுக்கு (கடைசி வழவழப்புப் பூச்சுக்கு) மூன்று மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவசரமாக எடுத்த சுண்ணாம்பில் நீறாத துகள்கள் தங்கிவிடும். பூசிய பிறகு அவை ஈரம் வாங்கி வீங்கும். பூச்சில் அம்மைத் தழும்புபோல் குழி விழும்.

கலவை பொதுவாக 1 பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு மணல். மணலின் இடுக்கு வெளி சுமார் மூன்றில் ஒரு பங்கு, அதை நிரப்பும் அளவே சுண்ணாம்பு. ஒரு பூச்சு 8 முதல் 10 மி.மீ. தாண்டக் கூடாது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கித்தான் சுண்ணாம்பு மறுபடி கல்லாகிறது. அதற்கு ஈரமும் வேண்டும். பூசிய சுவரில் நேர்வெயில் படாமல் ஈரச்சாக்குத் தொங்கவிடுங்கள். கடுக்காயும் வெல்லமும் சேர்ப்பதற்கு எல்லா ஊருக்கும் பொதுவான அளவு கிடையாது. சோதனைச் சதுரம் பூசிப் பார்த்து, வெடிப்பு விழுகிறதா என்று கவனித்த பின்பே அளவை முடிவு செய்ய வேண்டும்.

பழைய காரை எதனால் ஆனது என்று பார்க்காமல் புதுக் கலவையை எழுதிவிடுவது, டெண்டர் ஆவணங்களில் அதிகம் காணப்படும் தவறு. காரைத் துண்டை உலர்த்தி எடைபோட்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரையுங்கள். சுண்ணாம்பு கரையும், மணல் மிஞ்சும். அதைக் கழுவிக் காயவைத்துச் சலித்தால் விகிதமும் மணலின் பருமனும் தெரியும். கடலோரக் கட்டடமானால் மணலில் கிளிஞ்சல் கலந்திருக்கும். அதுவும் கரைந்துவிடுவதால் சுண்ணாம்பு அதிகம் என்று தவறான விடை வரும்.

சுரண்டும் முன் யோசிக்க வேண்டும் என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலே சாட்சி. 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி, நாயக்கர் கால ஓவியத்துக்குக் கீழே சோழர் ஓவியம் இருப்பதைக் கண்டுபிடித்தார். எந்த வெள்ளையடிப்புக்கு அடியிலும் இன்னொரு அடுக்கு இருக்கலாம். முதலில் கையகலத்தில் ஒரு ஜன்னல் திறந்து, அடுக்குகளை எண்ணி, படம் எடுத்துப் பதிவு செய்யுங்கள். கருங்கல்லில் மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்வது கூடவே கூடாது. கல்லிலுள்ள தாதுக்களில் குவார்ட்ஸ் தாக்குப்பிடிக்கும், மைக்கா பிய்ந்து போகும். கல்வெட்டின் விளிம்பும் சிற்பியின் உளித்தடமும் மழுங்கிவிடும். இரும்புக் கம்பி பிரஷும் வேண்டாம்: அதிலிருந்து உதிரும் துகள் துருப்பிடித்துக் கறையாகும். நைலான் பிரஷ், தண்ணீர், பொறுமை.

உடைந்த கல்லை இரும்புக் கம்பியால் இணைப்பவர்கள் ஏதென்ஸிலுள்ள பழைய கிரேக்கக் கோயிலான பார்த்தினனைப் பார்க்க வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைப் புனரமைத்த பொறியாளர் பலானோஸ் பொருத்திய இரும்புப் பிடிகள் துருவேறி உப்பியதில் பளிங்கு வெடித்தது. இப்போது அவற்றை எடுத்துவிட்டு டைட்டானியம் போடுகிறார்கள். பழைய கிரேக்கர்கள் துருப்பிடிக்காமலிருக்க இரும்பைச் சுற்றி ஈயம் ஊற்றியிருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை.

மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு ஜல்லி போட்ட பழைய மாடித்தளம்) ஒழுகினால் மேலே இன்னொரு ஜல்லித்தளம் போடுவது வழக்கமாகிவிட்டது. 75 மி.மீ. செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புத் தளம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 140 கிலோ. மூன்று முறை போட்டால் தேக்கு உத்தரம் என்ன ஆகும்? முதலில் சுவருக்குள் புதைந்திருக்கும் உத்தர முனைகளைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். மக்குவதும் கரையான் புகுவதும் அங்கேதான். பழைய அடுக்குகளை நீக்கிவிட்டு, மேலே பதித்த தட்டோட்டையும் தண்ணீர் வாட்டத்தையும் சரிசெய்தாலே பல ஒழுகல்கள் நின்றுவிடும்.

விரிசல் கண்டதும் அடைத்துவிடாதீர்கள். குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதி, ஒரு வடகிழக்குப் பருவமழையாவது கடக்கவிடுங்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது.

மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள நினைவுச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் புதுக் கட்டடத்துக்குத் தடைப் பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் அனுமதி பெற்றே கட்ட வேண்டிய ஒழுங்குமுறைப் பகுதி. பக்கத்து மனைக்குப் படம் வரையும் முன் இதை அளந்துகொள்ளுங்கள். மதிப்பீட்டில் “பூச்சு வேலை, சதுர மீட்டர்” என்று ஒற்றை வரி எழுதாமல், சுண்ணாம்பு புளிக்கும் காலத்தையும் சோதனைச் சதுரங்களையும் தனித் தனி வரிகளாகச் சேருங்கள். எழுதாததற்கு ஒப்பந்தக்காரர் காத்திருக்க மாட்டார்.