எட்டே நாள்ல பூஞ்சை புடிச்ச கிரீமும் அப்புறம் நான் கத்துக்கிட்டதும்

சோத்துக்கத்தாழையை வழிச்சு, ஈரோட்டு மஞ்சளும் காங்கயத்து தேங்காண்ணெயும் ஊத்தி மிக்சியில ஒரு ஓட்டு ஓட்டி டப்பால அடைச்சா கிரீம் ரெடின்னு நானும் நம்பிட்டுத்தாங்க இருந்தேன். எங்க சின்னம்மா புள்ளை கல்யாணத்துக்குன்னு மூணு டப்பா செஞ்சேன், எட்டாம் நாள் மூடியைத் தொறந்தா உள்பக்கம் சாம்பக் கலர்ல பொட்டுப்பொட்டா பூஞ்சை, நாத்தம் வேற. விட்டமின் ஈ மாத்திரை நாலு ஒடைச்சு ஊத்துனேனே, அப்புறமும் எப்படிங்க கெட்டுச்சு? அது எண்ணெய் சிக்கு வாடை அடிக்காம பாத்துக்கும், அவ்வளவுதான், கிருமியை ஒண்ணும் பண்ணாது.

தண்ணி சேர்ந்துச்சுன்னா பிரிசர்வேட்டிவ், அதாவது கிருமி வளராமத் தடுக்கற மருந்து, போட்டே ஆகணுமுங்க. வெறும் எண்ணெயும் மெழுகும்னா தேவையில்ல, ஈரக்கை படாம இருந்தாச் சரி. பச்சைக் கத்தாழை கிருமிக்குக் கல்யாண விருந்து மாதிரி, அதனால நான் இப்ப அதைச் சேக்கறதே இல்ல.

100 கிராமுக்கு என்ற அளவு: டிஸ்டில்டு வாட்டர் 71, கிளிசரின் 4, எண்ணெய் 18, எமல்சிபையிங் வேக்ஸ் (எண்ணெயையும் தண்ணியையும் ஒண்ணா சேத்துப் புடிக்கற மெழுகு) 6, பிரிசர்வேட்டிவ் 1. எல்லாமே கிராம், ஸ்பூன் கணக்கு வேண்டாம், நகைக்கடைல வெச்சிருப்பாங்களே அந்த மாதிரி சின்னத் தராசு ஒண்ணு வாங்கிக்கோங்க. சிறுவாணித் தண்ணியாவே இருந்தாலும் அது குடிக்கத்தான், இதுக்கு டிஸ்டில்டுதான், போர் தண்ணி பக்கமே போகாதீங்க. தேன்மெழுகு மட்டும் போட்டா எண்ணெயும் தண்ணியும் பிரிஞ்சு நிக்கும். பரு வர்ற மூஞ்சின்னா தேங்காண்ணெய்க்குப் பதிலா சூரியகாந்தி எண்ணெய் போட்டுக்கலாம்.

மொதல்ல டப்பா, கரண்டி, டம்ளர் எல்லாத்தையும் கழுவிக் காயவெச்சு 70% ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் (கிருமியைக் கொல்லற ஸ்பிரிட்டு) அடிச்சு ஒணர விடுங்க. அடிக்கறதுக்கு முன்னாடியே அடுப்பு அணைஞ்சிருக்கான்னு பாத்துக்கோங்க, அடிச்சு முடிச்சதும் அந்த ஆல்கஹாலைத் தூர வைங்க, தீப்புடிக்கும். ஒரு போசியில தண்ணி கொதிக்க வெச்சு, சூடு தாங்கற ரெண்டு கிளாசை உள்ள எறக்குங்க, ஒண்ணுல டிஸ்டில்டு வாட்டரும் கிளிசரினும், இன்னொண்ணுல எண்ணெயும் வேக்சும். ரெண்டும் 75 டிகிரி வரணும். தண்ணி ஆவியாகிக் கொறைஞ்சிருக்கும், எடை பாத்து கொறைஞ்சதை ஊத்திக்கோங்க. அப்புறம் ரெண்டையும் ஒண்ணாக்கி பிளெண்டர்ல அடிக்கணும், ஒரே மூச்சா இல்லாம விட்டுவிட்டு, இல்லைனா காத்து ஏறி நுரையாயிரும். மொதல்ல மோராட்டம் தண்ணியா இருக்கும், ஐயோ போச்சேன்னு பதறாதீங்க, ஆற ஆறக் கிண்டிட்டே இருந்தா கரண்டி போன தடம் அப்படியே நிக்கும், கெட்டித்தயிர் ஏடு மாதிரி.

40 டிகிரிக்குக் கீழ வந்ததும் பிரிசர்வேட்டிவ். நான் போடறது பீனாக்சிஎத்தனாலும் எத்தில்ஹெக்சில்கிளிசரினும் கலந்தது, பாட்டில்ல போட்டிருக்கற அளவைத் தாண்டி ஒரு சொட்டு எச்சா ஊத்தாதீங்க, தோல் எரியும். அதுக்குப் பதிலா சோடியம் பென்சோயேட்ங்கற பிரிசர்வேட்டிவ் வெச்சிருக்கறவங்க கிரீமோட பிஹெச் (புளிப்புத்தன்மையைக் காட்டற அளவு, கொறையக் கொறையப் புளிப்பு எச்சு) 5க்குக் கீழ இருக்கான்னு பாத்துக்கணும், மேல போயிட்டா சரியா வேலை செய்யாது. கிரீமைக் கொஞ்சம் டிஸ்டில்டு வாட்டர்ல கரைச்சு பிஹெச் பேப்பரை நனைச்சுப் பாருங்க, 5 பக்கம் இருந்தா மூஞ்சிக்கும் ஒத்துக்கும், எச்சா இருந்தா சிட்ரிக் ஆசிட் கரைசல் சொட்டுச்சொட்டா விடுங்க. எலுமிச்சம்பழத்தைப் புழியற வேலை மட்டும் வேண்டாம், அதைப் பூசிட்டு வெயில்ல போனா தோல் வெந்து கறுத்துப்போற ஆபத்து இருக்குதுங்க.

அகல வாய் டப்பாவ விட பம்ப் பாட்டில் நல்லது, வெரல் உள்ள போகாது. மொழங்கை மடிப்புல கொஞ்சம் தடவி ரெண்டு நாள் பாத்துட்டு மூஞ்சிக்குப் போங்க. செஞ்ச தேதியை ஒட்டிருங்க, நான் மூணு மாசத்துக்கு மேல வெக்கறதில்ல, வாடையோ நிறமோ மாறுச்சுன்னா அதுக்கு முன்னாடியே குப்பைக்குத்தான். ஒறம்பரைக்குக் குடுக்கறதா இருந்தா இன்னும் உஷாரு, அவங்க பாத்ரூம்ல வெச்சு ஈரக்கையோட தொறப்பாங்க.