பை தாங்காத தவறுகள்

கொங்கு நாட்டில் தோட்டம் என்றால் கிணற்றுப் பாசனம் உள்ள நிலம். மழையை நம்பி விதைப்பது காடு. அதனால் மாடியில் இருபது செடிப்பைகளை வைத்துவிட்டு, "தோட்டம் போட்டிருக்கேன்" என்று நான் சொன்னபோது, "எத்தனை ஏக்கரா கண்ணு?" என்று கேட்டுச் சிரித்தார் அம்முச்சி, என் அம்மாவின் அம்மா.

கிண்டல்தான். ஆனால் அதில் விஷயம் இருக்கிறது. காட்டில் எரு கொஞ்சம் கூடிப்போனாலும், ஒரு நாள் தண்ணீர் மிஞ்சிப்போனாலும், ஆழமான மண் அதை வாங்கிக்கொள்ளும். பன்னிரண்டு அங்குலப் பைக்கு அந்த வசதி கிடையாது. நாம் போடுவதெல்லாம் நேரே வேரில் போய் நிற்கும். நான் செய்த தவறுகளும், அக்கம்பக்கத்தில் பார்த்த தவறுகளும் பெரும்பாலும் இதை மறந்ததால் வந்தவைதான்.

என் முதல் தவறு தென்னை நார்க்கழிவு. கடையில் கோகோபீட் என்று கட்டியாக விற்பார்களே, அதுதான். பொள்ளாச்சிப் பக்கம் நார் மில்களுக்குப் பஞ்சமில்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு மில்லில் இரண்டு மூட்டை பச்சைக் கழிவை வாங்கி வந்து, பாதிக்குப் பாதி மண்ணோடு கலந்து மிளகாய் நட்டேன். பதினைந்தாம் நாள் இலை ஓரமெல்லாம் தீய்ந்தது போலப் பழுப்பானது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். இலை கொட்டியது. காரணம் பிறகுதான் புரிந்தது. கழுவாத நார்க்கழிவில் சோடியம், பொட்டாசியம் உப்புகள் நிறைய இருக்கும். மக்காததாகவும் இருந்தால், அது மக்கும்போது மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். செடிக்கு இரண்டு பக்கமும் அடி.

இப்போது செய்வது இது: பெரிய வாளியில் ஊறவைத்துப் பிழிந்து, தண்ணீரை மாற்றி, மறுபடி ஊறவைப்பேன். முதல் தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் வரும். மூன்று நான்கு முறையில் வெளிறிவிடும். அப்புறம்தான் பைக்குள் போகும், அதுவும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. மற்ற இரண்டு பங்கும் செம்மண்ணும் மக்கிய எருவும். எரு என்றதும் நேற்றுப் போட்ட சாணத்தை அள்ளிக் கலந்துவிட வேண்டாம். மக்கும்போது எழும் சூடு நாற்றின் வேரைக் கருக்கிவிடும். கையில் எடுத்தால் சாண வாடை இல்லாமல் மண் வாசம் வர வேண்டும், பொலபொலவென்று உதிர வேண்டும்.

நார்க்கழிவு கலந்த பையில் இன்னொரு ஏமாற்று இருக்கிறது. மேலே காய்ந்து வெளுத்துக் கிடக்கும், உள்ளே சொதசொதவென்று ஈரமாக இருக்கும். மேலாகப் பார்த்துத் தினமும் ஊற்றினால் வேர் அழுகும், செடி வாடும், வாடுகிறதே என்று இன்னும் ஊற்றுவோம். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். பையைத் தளத்தின் மேல் அப்படியே வைப்பதும் கூடாது. அடித்துளை அடைபட்டு நீர் வடியாது, தளத்திலும் ஓதம் இறங்கும். இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். ஈரமான ஒரு பை 20 கிலோவைச் சுலபமாகத் தாண்டும் என்பதால், நடுத்தளத்தில் குவிக்காமல் சுவர், தூண் வரும் இடங்களில் வரிசையாக வைப்பது நல்லது.

எவ்வளவு தண்ணீர் என்பதோடு எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். குடிக்க வரும் சிறுவாணித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினால் வீட்டில் திட்டு விழும், அதனால் எல்லோரும் போர் தண்ணீரைத்தான் விடுகிறோம். நம் பக்கத்துப் போர்களில் பலதும் சப்பை, அதாவது உப்புத் தண்ணீர். சுண்ணாம்பும் உப்பும் பை ஓரத்தில் வெள்ளையாகப் பூக்கும். கொஞ்ச நாளில் இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருந்தாலும் சுண்ணாம்பு அதைச் செடி எடுக்க விடாது. மஞ்சளைப் பார்த்ததும் யூரியாவைத் தூவுவதுதான் இங்கே வழக்கமான தவறு. உப்பின் மேல் உப்பு. அதைவிட மோசம், ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுவது. குடிநீரிலிருந்து வடித்த உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. பாத்திரம் கழுவவோ தரை துடைக்கவோ வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் மாடித் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடியுங்கள். அந்தத் தண்ணீரை அடித்துளை வழியே வடியும் அளவுக்கு ஒருமுறை ஊற்றினால் சேர்ந்த உப்பில் ஒரு பகுதி கரைந்து வெளியேறும்.

சரி, பருவத்துக்கு வருவோம். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது காட்டுக்குப் பொருந்தும். மாடிக்கு அதை அப்படியே எடுத்துக்கொண்டால் ஆடிக் காற்று பாடம் சொல்லிக் கொடுக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்கிலிருந்து காற்று இரைந்துகொண்டே இருக்கும். உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் நிற்பதே அதனால்தான். கேரளத்தில் கொட்டும் மழையில் கோயம்புத்தூருக்கு வருவது சாரல்தான், காற்றுக்கு மட்டும் குறைவில்லை. பை சீக்கிரம் காயும், தக்காளி முறியும், பந்தலோடு புடலை சாயும். ஆடியில் விதைக்கலாம், ஆனால் மாடிப்படி அறையோ சுவரோ மேற்கை மறைக்கும் இடமாகப் பார்த்து, நடும் அன்றே குச்சியும் ஊன்றிவிட வேண்டும். செடி வளர்ந்த பிறகு ஊன்றினால் வேர் அறுபடும். கொடிகளை இன்னும் சில வாரம் தள்ளிப் புரட்டாசிக்கு வைத்தால் ஐப்பசி மழையும் கை கொடுக்கும்.

சித்திரை வெயிலில் குடைமிளகாயும் கேரட்டும் விதைத்து மல்லுக்கட்டுவது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. ஊட்டிக் குளிருக்கு வருவது ஈரோட்டு வெயிலுக்கு வராது. தக்காளிகூட, பகலில் 35 டிகிரியைத் தாண்டி இரவிலும் புழுக்கமாக இருந்தால் பூவை உதிர்த்துவிடும். அது நோயல்ல, மருந்தும் கிடையாது. அந்த மாதங்களில் கொத்தவரை, வெண்டை, தண்டுக்கீரை போதும். பங்குனி, சித்திரைக்குப் பச்சை நிழல்வலை கட்டுவது நல்ல யோசனைதான். கட்டிய வலையை வருஷம் முழுக்க அப்படியே விடுவதுதான் தவறு. செடி நெட்டையாக ஓடும், காய்க்காது.

பீர்க்கன் போட்டவர்கள் பலரும் சொல்லும் புகார் ஒன்று உண்டு: பூ நிறைய, பிஞ்சு மஞ்சளாகி விழுகிறது. உடனே உரம், மருந்து என்று போகிறார்கள். பெரும்பாலும் மகரந்தம் சேராததுதான் காரணம். பீர்க்கன் பூ பொழுதோடத்தான் விரியும், சுரையும் அப்படித்தான். காலையில் மாடிக்குப் போய் வண்டு வரவில்லையே என்று பார்ப்பதில் பயனில்லை. சாயங்காலம் ஐந்தரை, ஆறு மணிக்குப் போங்கள். காம்பு மட்டும் இருப்பது ஆண் பூ. அடியில் குட்டிப் பீர்க்கங்காய் போல இருந்தால் பெண் பூ. ஆண் பூவைப் பறித்து இதழைக் கிள்ளிவிட்டு, நடுவிலிருக்கும் மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவினால் போதும். சேர்ந்த பிஞ்சு இரண்டு மூன்று நாளில் தடிப்பது கண்ணுக்கே தெரியும். பூசணி மட்டும் விடிகாலை வேலை.

சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்துப் புளிக்கவைக்கும் பஞ்சகவ்யத்தைப் பரவலாக்கியவர் நம் கொடுமுடி நடராஜன். அதனாலோ என்னவோ, நம்மவர்கள் அதைத் தாராளமாகவே ஊற்றுகிறார்கள். அளவு மூன்று சதம், அதாவது பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி. இயற்கைதானே என்று நேரடியாக ஊற்றினால் பைச்செடி கருகும்.

பூச்சிக்கும் அவசரப்பட வேண்டாம். 2008இல் பப்பாளி மாவுப்பூச்சி நாட்டிலேயே முதலில் தென்பட்டது கோயம்புத்தூரில்தான். மரவள்ளி, மல்பெரி எல்லாம் வெள்ளையடித்தது போல் நின்றன. மருந்துக்கு அசராத அந்தப் பூச்சியை அடக்கியது, 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைக்கப்பட்ட, கடுகைவிடச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகள். கண்ட விஷத்தையும் அடித்தால் இது போன்ற கூலியில்லாத ஆட்கள்தான் முதலில் சாவார்கள். இரண்டு செடியில் மாவுப்பூச்சி இருந்தால் பழைய பல்துலக்கியால் தேய்த்துத் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். மீறினால் வேப்பெண்ணெய், லிட்டருக்கு ஐந்து மில்லி. எண்ணெயைச் சோப்புக் கரைசலில் முதலில் அடித்துக் கலக்காவிட்டால் அது மேலே மிதக்கும், தெளிப்பானிலிருந்து வெறும் தண்ணீர்தான் வரும். வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள்.

மயிலுக்கு இந்த வைத்தியமெல்லாம் கிடையாது. சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவை, துன்புறுத்த முடியாது, துரத்தினாலும் அடுத்த வீட்டு மாடி வரைதான் போகும். நாற்று, மிளகாய், பழுக்கப்போகும் தக்காளி எதையும் விடாது. தக்காளி சிவந்த பிறகு வலை கட்டலாம் என்று நான் காத்திருந்த வருஷம் எனக்கு மிஞ்சியது காம்புதான். நட்ட வாரமே கட்டிவிடுங்கள், ஓரம் நெடுகச் செங்கல் வைத்து அழுத்துங்கள். இடைவெளி இருந்தால் கழுத்தை உள்ளே விட்டுக் கொத்தும்.