பள்ளி மாவட்டத்தின் நீண்டகாலத் திட்டம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் ஒரு பகுதியின் பொதுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகளான பள்ளி மாவட்டங்களின் திட்டக் குழுக்களுக்குப் புதிதாக வரும் பெற்றோரும் கல்வி வாரிய உறுப்பினர்களும், முன்பு நாங்கள் சறுக்கிய அதே இடங்களில் சறுக்குவதை இப்போதும் பார்க்கிறேன். ஆசிரியர்களைக் கலந்தாலோசிக்காமல் எழுதுவது, தொலைநோக்கு வாசகத்தைச் செதுக்குவதிலேயே பாதிக் கூட்டங்களைக் கழிப்பது போன்றவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை; அவை முதல் ஆண்டிலேயே தாமாகப் புரிந்துவிடும். புரிவதற்குள் பணமும் கட்டடமும் கைமீறிப் போய்விடுகிற தவறுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மொத்தச் சேர்க்கையைப் பார்த்துத் திட்டமிடுவது

இதைப் பேசத் தொடங்கினால் எனக்கு இன்றும் பொறுமை போய்விடுகிறது. புறநகர் மாவட்டம் ஒன்றின் கூட்டத்தில், கடந்த பத்தாண்டுகளின் மொத்தச் சேர்க்கையைத் திரையில் காட்டி, அது ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதால் இனியும் அப்படியே இருக்கும் என்று வரைபடக் கோட்டை வலப்பக்கமாக நீட்டிவிட்டார்கள். புதிய தொடக்கப் பள்ளிக்கான கடன் பத்திர யோசனையும் அந்தக் கோட்டை நம்பியே முன்வைக்கப்பட்டது. வகுப்புவாரிப் பட்டியல் அதே அறிக்கையின் பின்னிணைப்பில் இருந்தது. யாரும் புரட்டவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் 560 பேரும் முதல் வகுப்புக்கு முந்தைய நிலையான கிண்டர்கார்டனில் 430 பேரும் படிக்கும் ஒரு மாவட்டத்தை எண்ணிப் பாருங்கள். அடுத்த ஆண்டும் 430 பேரே புதிதாகச் சேர்ந்தால், ஒரு குடும்பம்கூட ஊரை விட்டுப் போகாமலேயே 130 மாணவர்கள் குறைந்துவிடுவார்கள். இது கற்பனைக் கணக்குதான். ஆனால் நாட்டின் பிறப்பு எண்ணிக்கை இதே திசையைத்தான் காட்டுகிறது. 2007-இல் சுமார் 43 லட்சம் குழந்தைகள் பிறந்தார்கள். 2020-இல் சுமார் 36 லட்சம். முன்னவர்கள் பள்ளியை முடிக்கும் 2025, 2026 ஆகிய அதே ஆண்டுகளில்தான் பின்னவர்கள் கிண்டர்கார்டனுக்குள் நுழைகிறார்கள்.

அந்த 130 பேரும் ஒரே இடத்தில் குறைந்தால் சமாளித்துவிடலாம். அவர்கள் ஒரு வகுப்பு நிலைக்குச் சுமார் பத்துப் பேராக ஏறக்குறைய எல்லா நிலைகளிலும், எல்லாப் பள்ளிகளிலும் சிதறிக் குறைவார்கள். சில வகுப்பறைகளில் 24 பேர் இருந்த இடத்தில் 23 பேர் இருப்பார்கள். அதனால் ஓர் ஆசிரியர் பணியிடத்தையோ ஒரு பேருந்துத் தடத்தையோ குறைக்க முடியாது. ஆனால் மாணவர் தலைக்கணக்கில் நிதி தரும் மாநிலங்களில் 130 பேருக்கான தொகையும் மெல்ல மெல்ல நின்றுபோகும். கட்டடத்துக்கு வாங்கிய கடனோ இருபது, முப்பது ஆண்டுகளுக்கு வரி செலுத்துவோரின் தலையில் இருக்கும். சேர்க்கை குறைந்து இருக்கைகள் காலியாகக் கிடப்பதைக் காரணம் காட்டி, 2013-இல் சிகாகோவின் கல்வி வாரியம் ஒரே கூட்டத்தில் ஏறத்தாழ 50 பள்ளிகளை மூட வாக்களித்தது.

செய்ய வேண்டிய கணக்கு ஒன்றும் கடினமானது அன்று. சென்ற ஆண்டு மூன்றாம் வகுப்பில் இருந்தவர்களின் எண்ணிக்கைக்கும் இந்த ஆண்டு நான்காம் வகுப்பில் இருப்பவர்களின் எண்ணிக்கைக்கும் உள்ள விகிதத்தை எடுத்து, அதேபோல் எல்லா வகுப்புகளுக்கும் சில ஆண்டுச் சராசரியைக் கண்டு, கிண்டர்கார்டனுக்கு மட்டும் ஐந்தாண்டுக்கு முந்தைய உள்ளூர்ப் பிறப்புப் பதிவுகளைப் பயன்படுத்த வேண்டும். 2020 இலையுதிர் காலத்தில் பெருந்தொற்றால் கிண்டர்கார்டன் சேர்க்கை நாடெங்கும் கடுமையாகச் சரிந்ததால், அந்த ஆண்டைக் கண்ணை மூடிக்கொண்டு சராசரியில் சேர்க்கக் கூடாது.

இதைச் சொன்னவுடன், "நெடுஞ்சாலையை ஒட்டி 600 வீடுகள் வருகின்றனவே" என்று ஒருவர் எழுந்திருப்பார். எழாத கூட்டத்தை நான் பார்த்ததில்லை. தனி வீடுகளா, ஒற்றைப் படுக்கையறை அடுக்ககங்களா என்று முதலில் கேளுங்கள். இரண்டிலிருந்தும் வரும் குழந்தைகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்காது. அதைவிட முக்கியமாக, ஏற்கெனவே உள்ள குடியிருப்புகளில் பிள்ளைகள் படித்து முடித்துப் போன பிறகும் பெற்றோர் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். புதிய வீடுகள் கொடுப்பதைப் பழைய வீடுகள் சத்தமில்லாமல் கழித்துவிடும்.

ஒருமுறை வந்த பணத்தில் நிரந்தரப் பணியிடம்

2020, 2021 ஆண்டுகளில் அமெரிக்க காங்கிரஸ் மூன்று தவணைகளில் பள்ளிகளுக்கு ஏறத்தாழ 19,000 கோடி டாலர் பெருந்தொற்று நிவாரணமாக ஒதுக்கியது. கடைசித் தவணையைச் செலவுக்கு உறுதிப்படுத்த 2024 செப்டம்பர் 30 கெடு என்பதும் தொடக்கத்திலிருந்தே தெரிந்ததுதான். அப்படியிருந்தும் அந்தப் பணத்தில் மாணவர் ஆலோசகர்களையும் துணை ஆசிரியர்களையும் அமர்த்திவிட்டு, கெடு நெருங்கியபோது பற்றாக்குறை எதிர்பாராமல் வந்ததுபோல் பேசிய மாவட்டங்கள் உண்டு. ஒரு பணியிடத்தைத் திட்டத்தில் எழுதும்போதே, நான்காம் ஆண்டில் அதற்குச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

முப்பது இலக்குகள் வைப்பது

யாரையும் பகைத்துக்கொள்ள மனமில்லாத குழுதான் இப்படி எழுதும், ஐந்தில் நிறுத்துங்கள்.

பராமரிப்பைத் தள்ளிப்போடுவது

கூரையும் கொதிகலனும் எந்தக் கூட்டத்திலும் கைதட்டல் வாங்குவதில்லை. ஏறத்தாழ 41 விழுக்காடு மாவட்டங்கள், தங்கள் பள்ளிகளில் குறைந்தது பாதியிலாவது வெப்பமூட்டும், குளிரூட்டும், காற்றோட்ட அமைப்புகளைப் புதுப்பிக்கவோ மாற்றவோ வேண்டியிருக்கிறது என்று அமெரிக்க காங்கிரசுக்கான தணிக்கை அமைப்பான அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2020-இல் மதிப்பிட்டது. மூடப்படக்கூடிய கட்டடத்தில் புதிய கொதிகலனைப் பொருத்துவதும் வீண் செலவுதான் என்பதால், பராமரிப்புப் பட்டியலையும் சேர்க்கைக் கணிப்பையும் ஒரே மேசையில் வைத்தே பார்க்க வேண்டும்.

சூப்பரின்டென்டென்டின் சொந்தத் திட்டமாக விட்டுவிடுவது

மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான அவர் மாறிப் போவார். வாரியத் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள்.

ஆண்டு ஆய்வைக் கோடையில் வைப்பது

பெரும்பாலான மாநிலங்களில் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. பணி ஒப்பந்தங்கள் வசந்த காலத்திலேயே முடிவாகிவிடும். ஆகவே கோடையில் நடக்கும் ஆய்வினால் அந்த ஆண்டின் ஒரு டாலரைக்கூட நகர்த்த முடியாது. பல மாநிலங்களில் இலையுதிர் காலத்தில் அதிகாரப்பூர்வ மாணவர் எண்ணிக்கை எடுக்கப்படுகிறது. அது கைக்கு வந்தவுடன் திட்டத்தில் கணித்த எண்களோடு வகுப்புவாரியாக ஒப்பிட்டு வாரியத்தின் முன் வைத்தால், குளிர்காலத்தில் வரவுசெலவு வரைவை எழுத உட்காரும்போதே எத்தனை பணியிடங்களைத் தாங்க முடியும் என்பது தெரிந்திருக்கும்.