பாண்டிக் கட்டத்தில் எழுத்துக்கூட்டல்: புள்ளி வந்தால் விரல் நுனி

எல்.கே.ஜி. படிக்கும் என் மகளுக்கு ட, ப, ம எல்லாம் தெரியும். தனித்தனியாகக் காட்டினால் டக்கென்று சொல்வாள். 'படம்' என்று சேர்த்து எழுதினால்தான் சிக்கல். "ப... ட... ம..." என்று மூன்றையும் முழுசாகச் சொல்லிவிட்டு, "பட்டமா?" என்று என் முகத்தைப் பார்ப்பாள். பத்து நாள் பலகையோடு உட்கார்ந்தும் சரிவரவில்லை. மொட்டை மாடியில் பாண்டி (சில்லு எறிந்து கட்டம் கட்டமாகக் குதிக்கும் ஆட்டம்) ஆடியபோதுதான் வழி கிடைத்தது.

தேவை சாக்பீஸும் ஒரு சில்லும்தான். கோலமாவு காலில் பட்டு அழிந்துவிடும். காலண்டர் தாளில் எழுதிப் போட்டால் வழுக்கும், வேண்டவே வேண்டாம். கடையில் விற்கும் எழுத்துப் பாயும் எனக்குப் பிடிக்கவில்லை. அதில் எழுத்தை இடம் மாற்ற முடியாததால், இரண்டே நாளில் பிள்ளை எழுத்தை விட்டுவிட்டு இடத்தை மனப்பாடம் செய்துவிடும்.

1. ட, ப, ம மூன்றோடு தொடங்குங்கள். 247 எழுத்தையும் முடித்த பிறகுதான் வாசிப்பு என்று காத்திருக்க வேண்டாம். எழுத்தை ஆளுயரத்துக்கு வரைந்து, கோட்டின் மேலேயே நடக்கவிடுங்கள். ட என்றால் கீழே இறங்கி வலப்பக்கம் திரும்ப வேண்டும். ப என்றால் அங்கிருந்து மேலே ஏற வேண்டும். ப நடந்த பிள்ளைக்கு ம-வில் கூடுதலாக ஒரு வளைவுதான்.

2. கட்டத்துக்கு ஓர் எழுத்து. நீங்கள் சொல்லச் சொல்ல அவள் குதிக்கட்டும். தினமும் இடத்தை மாற்றுங்கள்.

3. இதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். ப, ட, ம் என்று வரிசையாக மூன்று கட்டம் போடுங்கள். ம் மேல் புள்ளி இருக்கும் இடத்தில் சில்லை வையுங்கள். முழு எழுத்துக்கு ஒரு குதி. சில்லு இருக்கும் கட்டத்தில் குதிக்கக் கூடாது, கால்விரல் நுனியால் தொட்டுவிட்டு நின்றுவிட வேண்டும். ம் என்றால் உதடும் மூட வேண்டும். குதி, குதி, தொடு: படம்.

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று நாம் படித்ததுதான் இது. அந்த அரையைப் பிள்ளைக்கு வாயால் விளக்க என்னால் முடியவில்லை. விரல் நுனியில் அது அவளுக்குப் புரிந்துவிட்டது.

அடுத்து, படத்துக்குக் கீழேயே 'பட்டம்' வரையுங்கள். குதி, தொடு, குதி, தொடு. ட தனியாகச் சொன்னால் அழுத்தமாக வரும், 'படம்' என்பதன் நடுவில் மென்மையாகிவிடும், 'பட்டம்' என்னும்போது மறுபடி அழுத்தம். தனி எழுத்தின் அழுத்தத்தோடு கூட்டியதால்தான் மகளுக்குப் படம் எல்லாம் பட்டமாகியிருக்கிறது. இரண்டு வரிசையையும் மாறி மாறிக் குதித்தபோது, நடுவில் 'தொடு' இல்லாவிட்டால் நிற்காமல் போக வேண்டும் என்று அவளே கண்டுபிடித்தாள். மூன்றாம் நாள் 'படம்' சரியாக வந்தது. அவசரப்படாதீர்கள். இந்த இரண்டு சொல்லுக்கே ஒரு வாரம் கொடுக்கலாம்.

4. எழுத்தில் துணைக்கால் (ா) வந்தால் கட்டத்தை நீளமாகப் போடுங்கள். குதித்து, இரண்டு கையையும் விரித்து நின்று, "பாஆ" என்று இழுக்கட்டும். பாடம், மாடம், பாப்பா. 'மடம்', 'மாடம்' இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் வித்தியாசம் உடம்பிலேயே தெரியும்.

5. குதித்த சொற்களை அன்று மாலையே பலகையில் எழுதிக் காட்டுங்கள். இதை விட்டால் மாடியில் வாசிக்கும் பிள்ளை புத்தகத்தில் திணறும். இப்போது என் மகள் புத்தகத்தைப் பார்த்து வாசிக்கும்போது, புள்ளி வரும் இடத்தில் கட்டைவிரல் தானாகத் தரையைத் தொடுகிறது. நான் தடுப்பதில்லை.

பின்சேர்க்கை: 'கெ' எழுதினால் தன் மகன் கொம்புக்குத் தனியாக ஒரு குதி குதிக்கிறான் என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்பதால் வரும் குழப்பம் இது. கொம்பையும் எழுத்தையும் ஒரே கட்டத்துக்குள் நெருக்கி எழுதுங்கள். 'கொ' என்றாலும் அப்படியே, மூன்று துண்டும் ஒரே கட்டம், ஒரே குதி.

அப்புறம், கீழ்வீட்டில் சத்தம் கேட்கும் என்பவர்களுக்கு: முழு எழுத்துக்குத் தொடையில் ஒரு தட்டு, புள்ளி எழுத்துக்கு உள்ளங்கையில் ஒற்றை விரல். குதிக்க முடியாத பிள்ளைக்கும் இதுவே போதும்.