பழைய கல்வீட்டுக்குள்ள எலி பூந்தால்: முதல்ல ஓட்டையப் பாருங்கோ

மாசி, பங்குனியில பெரும்போக வெட்டு முடிஞ்ச கையோட வயல் எலியெல்லாம் வீட்டுப் பக்கம் திரும்பும், அதுவும் எங்கட மாதிரிக் கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டத்தில ஐம்பதுகளில கட்டின வீடெண்டா கேக்கவே வேண்டாம். அப்பப்பா கட்டின சுவர் அப்பிடியே நிக்குது, கூரை 2010ல மீளக்குடியேறி வந்த பிறகு போட்ட சீட். பழைய சுவரும் புதுக் கூரையும் வடிவாப் பொருந்தேல்ல, அந்த இடைவெளிதான் எலிக்கு வாசல். மூண்டு வருசமா மருந்து வைச்சுப் பாத்தன், ஒண்டும் சரிவரேல்ல, ஓட்டைய அடைச்ச பிறகுதான் நிம்மதியா நித்திரை கொண்டம். புதுசாத் தொடங்கிற ஆக்கள் நான் செய்த பிழையச் செய்யாதேங்கோ.

முதல் வேலை, வந்தது எது எண்டு பாக்கிறது. புழுக்கை அரிசி அளவோ அதிலும் சின்னனோ எண்டா சுண்டெலி. அரை அங்குலம் நீளத்தில ரெண்டு முனையும் கூராக் கிடந்தா கூரையில ஓடுற கறுப்பெலி. கிணத்தடியிலயோ குசினி அத்திவாரத்தடியிலயோ மண்ணைக் கிண்டிக் குவிச்சிருந்தா அது அகிளான். நீட்டு மூக்கோட கீச்சுக் கீச்செண்டு சுவரோரமா ஓடுற மூஞ்சூறு எலியே இல்லை, பூச்சி பிடிச்சுத் தின்னும், அதை விட்டிடுங்கோ.

ரெண்டாவது, ஓட்டை தேடுறது. நல்ல வெயில் நேரம் கதவு யன்னல் எல்லாம் சாத்திப்போட்டு உள்ள இருட்டில நிண்டு மேல பாருங்கோ, வெளிச்சம் எங்க கீறுதோ அங்க வழி இருக்கு. ஒரு பென்சில் நுழையிற ஓட்டை, அதாவது 6 மில்லிமீற்றர், சுண்டெலிக்குக் காணும். பெருவிரல் போற ஓட்டையெண்டா பெரிய எலியும் வந்திடும். எங்கட குசினிச் சுவருக்கு மேல, சீட்டின்ர வளைவு ஒண்டுக்குக் கீழ மட்டும், எண்ணெய்க் கையால தடவின மாதிரி ஒரு கறுப்புப் பட்டை கிடந்தது, தொட்டுப் பாத்தா பிசுபிசுப்பு. எலி தினமும் ஒரே வழியால உரசிக்கொண்டு போற அழுக்கு அது. அந்த மாதிரிப் பட்டை கண்டா அது எலி போற வழிதான், ஆனா மற்ற ஓட்டையளையும் தேடுங்கோ. சண்டைக்காலத்தில சுவரில விழுந்த ஓட்டையள மண்ணால அப்பி விட்டிருந்தாலும் அதையும் தட்டிப் பாருங்கோ, மண் எலிக்குப் பெரிய விசயமில்லை.

மூண்டாவது, அடைக்கிறது. மேல ஏற முதல் மெயின் சுவிச்ச நிப்பாட்டுங்கோ, எலி கடிச்ச பழைய வயர் கையில பட்டா ஆள் முடிஞ்சுது. பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை ஓட்டைக்குள்ள இறுக்கி அடைஞ்சு, மேல சீமெந்து பூசுங்கோ. சீட்டின்ர வளைவுகளுக்கு ஓட்டுத் துண்டும் சீமெந்துச் சாந்தும் போதும், ஆனா அஸ்பெஸ்டஸ் சீட்டை வெட்டவோ துளைக்கவோ வேண்டாம், அந்தத் தூசு நெஞ்சுக்குக் கூடாது. கதவடியில தகரம் அடியுங்கோ. கூரைக்கு மேல சரிஞ்ச மாங்கொப்பு, முருங்கைக் கொப்பெல்லாம் வெட்டுங்கோ, கிட்ட நிக்கிற தென்னைக்குத் தகரம் சுத்துங்கோ.

சாப்பாட்டையும் நிப்பாட்டோணும். நெல்லுச் சாக்கைச் சுவரில சாத்தாமப் பலகைக்கு மேல, ஒரு அடி தள்ளி அடுக்குங்கோ. கோழித் தீனியும் நாய்க்கு வைச்ச மிச்சச் சோறும் இரவில வெளிய கிடக்கக்கூடாது.

இனித்தான் பொறி. பெரிய எலி புதுச் சாமானுக்குப் பயப்படும், அதால நாலைஞ்சு நாள் பொறிய விசை ஏத்தாம, சுட்ட தேங்காய்ச் சொட்டோ கருவாட்டுத் துண்டோ மட்டும் வைச்சு விடுங்கோ, பயமில்லாமத் தின்னத் தொடங்கின பிறகு விசைய ஏத்துங்கோ. சுண்டெலிக்கு இந்தக் காத்திருப்புத் தேவையில்லை, அது எதையும் மோந்து பாக்கும். பொறி நடு அறையில வைச்சுப் பிரயோசனமில்லை, சுவரோட ஒட்டி, இரை வைச்ச பக்கம் சுவரைப் பாக்க வையுங்கோ. ஒண்டு காணாது, ஒரே நேரம் அஞ்சாறு வையுங்கோ.

மருந்து வைக்க வேண்டாம் எண்டு நான் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. கடையில வாங்கிற கனக்க மருந்து ரத்தம் உறையாமச் செய்யிற வகை, தின்டு சில நாள் கழிச்சுத்தான் எலி சாகும், அதுவும் கை எட்டாத இடத்தில செத்து வீடு முழுக்க நாறும். எங்கட பூனை அப்பிடி ஒரு எலியத் தின்டு செத்தது, சின்னவள் ரெண்டு நாள் சாப்பிடேல்ல.

செத்த எலியையும் புழுக்கையையும் வெறுங்கையால தொடாதேங்கோ, விளக்குமாத்தால கூட்டவும் வேண்டாம், தூசு கிளம்பி மூச்சுக்குள்ள போகும். ஒரு பங்கு குளோரின் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணி கலந்து ஊத்தி, அஞ்சு நிமிசம் ஊற விட்டு, பையைக் கையில மாட்டிக்கொண்டு துடையுங்கோ. எலி மூத்திரத்தாலதான் எலிக்காய்ச்சல் பரவிறது. வெறுங்காலோட வயல் தண்ணிக்குள்ள நிக்கிற ஆக்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிட்ட (பிஎச்ஐ) கேட்டா தடுப்புக் குளிசை தருவினம், காய்ச்சலோட கெண்டைக்கால் நோவும் கண்சிவப்பும் வந்தா பனடோலோட இருக்காம அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. எலி இருக்கிற வளவுக்குப் புடையன் பாம்பும் தேடி வரும், அதால பிள்ளையள் இருக்கிற வீடெண்டா இந்த வேலையப் பிந்தப் போடாதேங்கோ.

எல்லாம் முடிஞ்சுதோ எண்டு பாக்க, படுக்கப்போக முதல் சுவரோரமாக் கொஞ்சம் அடுப்புச் சாம்பலைத் தூவி விடுங்கோ. விடியக் கால் தடம் இருந்தா எந்தப் பக்கத்தால வந்தது எண்டு அதுவே காட்டும், அந்த வழியத் திரும்ப அடையுங்கோ. ஒரு கிழமை தடமில்லையெண்டா பொறிய எடுக்கலாம், அடுத்த வெட்டுக்கு முதல் ஒருக்கா ஏறிச் சாந்து வெடிச்சிருக்கோ எண்டு பாருங்கோ.