ஈரப்பதக் கோடு இறங்கினால் காற்று காய்ந்துவிட்டதா?

"காலையில 84 சதவீதம் இருந்துச்சு, மத்தியானம் 53-தான் காட்டுது. அப்புறம் ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது?" சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் மாடி வீட்டு அக்கா மே மாதத்தில் கேட்ட கேள்வி இது. கையில் செல்போன், அதில் அன்றைய வெப்பநிலை, ஈரப்பத கிராஃப்.

அந்தச் சதவீதம் காற்றில் உள்ள நீராவியின் அளவு அல்ல. அந்த வெப்பநிலையில் அதிகபட்சம் இருக்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதுதான் அது. சொம்பில் தளும்பிய தண்ணீரைக் குடத்தில் ஊற்றினால் அடியில் கிடக்கும். தண்ணீர் குறையவில்லை, பாத்திரம்தான் பெரிதாகிவிட்டது. 28 டிகிரியில் 84 சதவீதமாக இருக்கும் காற்று, ஒரு துளி ஈரம்கூட இழக்காமல் 36 டிகிரிக்குச் சூடானால் 53 சதவீதம் ஆகிவிடும்.

அதனால் டியூ பாயின்ட் கோடு இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். காற்றைக் குளிரவைத்துக்கொண்டே போனால் எந்த வெப்பநிலையில் பனித்துளி கட்டுமோ, அதுதான் டியூ பாயின்ட். காற்றில் உள்ள நீராவி மாறாதவரை, வெயில் ஏறினாலும் அது மாறாது. அக்காவின் கிராஃபில் அது காலையிலும் மதியமும் 25-ஐ ஒட்டியே இருந்திருக்கும். 25 என்றாலே கசகசப்புதான். மேற்கிலிருந்து தரைக்காற்று அடிக்கும் நாளில் கதை வேறு: 39 டிகிரி, டியூ பாயின்ட் 18, ஈரப்பதம் 30-க்குக் கீழே. அது நிஜமாகவே காய்ந்த காற்று. பிறகு கடல்காற்று நுழைந்ததும் வெப்பநிலை சட்டென்று விழும், டியூ பாயின்ட் எகிறும். வெயில் தணிந்தும் புழுக்கம் ஏறும் நேரம் அது. எனக்கு கிராஃபிலேயே பிடித்த இடம் இந்தத் திருப்பம்தான்.

இன்னொரு தவறு, அன்றைய உச்சங்களை ஒன்றாகச் சேர்ப்பது. "38 டிகிரி, 85 சதவீதம் ஈரப்பதம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும். 38 மதியத்துடையது, 85 விடியற்காலையுடையது. இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தால் டியூ பாயின்ட் 35 ஆகும். 2003-இல் சவுதி அரேபியாவின் தஹ்ரானில் பதிவாகி உலகமே வியந்த அளவு அது. நம் ஊருக்கு அவ்வளவு தேவையில்லை!

நேரத்தையும் கவனியுங்கள். சில கிராஃப்கள் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். மதியம் 2 மணி உச்சம் அதில் காலை 8.30-இல் நிற்கும். இடப்பக்க எண்கள் டிகிரி, வலப்பக்க எண்கள் சதவீதம் என்றால், இரு கோடுகளும் வெட்டிக்கொள்வதற்கு எந்த அர்த்தமும் இல்லை.

நானும் ஒரு மீட்டர் வாங்கி மொட்டைமாடித் தகரக் கூரையின் கீழே மாட்டினேன். 44 டிகிரி காட்டியது. பெருமையாக எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன், சரி, விடுங்கள். அது தகரத்தின் சூடு. வானிலை நிலையங்களில் கருவியை நிழலும் காற்றோட்டமும் உள்ள வெள்ளைப் பெட்டிக்குள், தரையிலிருந்து ஆளுயரத்துக்குள் வைப்பார்கள்.

செய்தியில் வரும் அளவுகள் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் நிலையங்களுடையவை. கடல்காற்று காசிமேட்டைத் தொட்ட பிறகுதான் பெரம்பூர் பக்கம் போகும். வெப்பநிலைக் கோடு விழும் நேரம் அந்த நிலையங்களில் வேறு, உங்கள் தெருவில் வேறு.