பன்னிரண்டு சர்வர், ஒரே ஒரு பேக்கப்: கிரானில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பன்னிரண்டு லினக்ஸ் சர்வர்களுக்கு ராத்திரி 2 மணிக்கு பேக்கப் எடுக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். மூன்று வாரம் கழித்து ஒரு பழைய ஃபைல் தேவைப்பட்டபோதுதான் தெரிந்தது, பட்டியலில் முதலில் இருந்த சர்வருக்கு மட்டுமே பேக்கப் இருக்கிறது. மற்ற பதினொன்றுக்கும் ஒன்றுமில்லை. எரரும் இல்லை.

தவறு என்னுடையதுதான். சர்வர் பெயர்களை ஒரு ஃபைலிலிருந்து வரிவரியாகப் படிக்கும் லூப்புக்குள், வேறொரு சர்வருக்குள் போய்க் கட்டளையை ஓட்டும் எஸ்எஸ்எச்சை வைத்திருந்தேன். எஸ்எஸ்எச்சுக்கு ஒரு பழக்கம் உண்டு: கண்ணில் படும் உள்ளீட்டையெல்லாம் படித்து அந்தப் பக்கம் அனுப்பிவிடும். மீதிப் பதினோரு பெயர்களையும் அது விழுங்கிவிட, லூப் அடுத்த வரியைத் தேடியபோது ஃபைலே முடிந்திருந்தது. எஸ்எஸ்எச்சோடு ‘-என்’ (-n) சேர்த்திருந்தால் போதும், உள்ளீட்டை அது தொட்டிருக்காது.

‘கையால் ஓட்டினால் ஓடுகிறதே’ என்பது அடுத்த புலம்பல். கையால் ஓட்டும்போது உங்கள் செட்டிங்ஸ் எல்லாம் கூடவே வருகின்றன. கிரானுக்கு அவை தெரியாது. பெரும்பாலும் இரண்டு மூன்று ஃபோல்டர்களில்தான் அது கட்டளைகளைத் தேடும். அதனால் முழுப் பாதையையும் எழுதிவிடுங்கள். எஸ்எஸ்எச் தன் சாவியின் பாஸ்ஃப்ரேஸையோ (சாவிக்கான கடவுச்சொல்), புது சர்வரை நம்பலாமா என்றோ கேட்டால், பதில் சொல்ல ராத்திரி 2 மணிக்கு அங்கே ஆள் கிடையாது. கிரான் எந்தப் பயனர் பெயரில் ஓடுமோ, அதே பெயரில் ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிடுவது நல்லது. அப்புறம், தேதியை வைத்து ஃபைலுக்குப் பெயர் சூட்டுபவர்கள் கவனிக்க: கிரானுக்கு வேலைகளைக் குறித்துவைக்கும் கிரான்டேப் வரியில் சதவீதக் குறி வந்தால் கட்டளை அங்கேயே முடிந்ததாகிவிடும். அதற்கு முன்னால் ஒரு பின்சாய்வுக் கோடு போட வேண்டும்.

நேரக் கணக்கிலும் வழுக்கும். கிளவுட் சர்வர்கள் பெரும்பாலும் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் திங்கட்கிழமை அதிகாலை 2 மணி என்பது அங்கே ஞாயிறு ராத்திரி 8.30. மணியை மட்டும் மாற்றிவிட்டுக் கிழமையை மறந்தால் வேலை ஒரு நாள் தள்ளி நடக்கும்.

எல்லா சர்வரும் ஒரே நிமிடத்தில் ஒரே ஸ்டோரேஜ் மேல் விழுந்தால் எதுவும் சீக்கிரம் முடியாது. சில நிமிடம் தள்ளித் தள்ளி வையுங்கள். நேற்றைய வேலை இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் இன்றையது தொடங்காதபடி ‘எஃப்லாக்’ (flock) என்ற கட்டளை தடுத்துவிடும்.

எரர் வெளியீட்டைக் குப்பைக்கு அனுப்பும் வழக்கம் எனக்கும் இருந்தது, இப்போது இல்லை. எஸ்எஸ்எச் முடியும்போது 255 என்ற எண்ணைத் தந்தால் பெரும்பாலும் இணைப்பிலேயே சிக்கல். பூஜ்யம் அல்லாத வேறு எண் என்றால் அந்தப் பக்கம் ஓடிய கட்டளையில் கோளாறு. இந்த எண் லாகில் (நடந்ததைப் பதிந்துவைக்கும் ஃபைலில்) இருந்தால் பாதி நேரம் மிச்சம். இவ்வளவுக்குப் பிறகும் ஸ்கிரிப்டின் பேச்சை நான் நம்புவதில்லை. தினமும் காலை 8 மணிக்கு வேறொரு மெஷின் ஸ்டோரேஜுக்குள் போய், ராத்திரி வந்த ஃபைல்களை எண்ணி, அளவையும் பார்க்கிறது. பன்னிரண்டுக்கு ஒன்று குறைந்தாலும் என் போனுக்கு மெசேஜ் வரும்.